கட்டை அவிழ்ப்பதற்கு முன்

இராமநாதபுரம் சீமையில் தமிழ் படித்த யாரைக் கேட்டாலும் பாண்டித்துரைத் தேவரைப் பற்றி இரண்டு கதைகள் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி நானே ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருக்கிறேன்.

முதல் கதை 1901-ல் நடப்பது. மதுரைக்குப் போன தேவர், சொற்பொழிவுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்கிறார். கிடைக்கவில்லை. சங்கம் இருந்த ஊரிலேயே குறள் இல்லையா என்று மனம் நொந்து, அந்த வருடம் செப்டம்பர் 14-ம் தேதி நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்குகிறார். பாஸ்கர சேதுபதி துணை நிற்கிறார். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலையும், அடுத்த ஆண்டு ‘செந்தமிழ்’ இதழும் வருகின்றன.

இரண்டாவது கதையில் ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் வருகிறார். குறளில் எதுகை, மோனை சரியில்லை என்று தனக்குப் பட்ட இடங்களையெல்லாம் திருத்தி ஒரு பதிப்பே போட்டுவிடுகிறார். கேள்விப்பட்ட தேவர், மிச்சம் இருந்த பிரதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கித் தீயிட்டுக் கொளுத்துகிறார்.

பேச்சுப் போட்டி மேடையில் இந்த இரண்டு கதைகளும் அண்ணன் தம்பி மாதிரி நின்றன. ஒன்று தமிழைச் சேர்த்தது, இன்னொன்று தமிழைக் காத்தது. கைதட்டல். முப்பது வயதுக்கு மேல், பழைய காகிதங்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. புத்தகம் இல்லையே என்று நூலகம் வைத்தவரும் புத்தகத்தைக் கொளுத்தியவரும் ஒரே ஆள். இரண்டையும் செய்ய வைத்தது ஒரே அன்பு.

ஸ்காட்டின் குறள் மோசமான குறள்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வெள்ளைக்காரர் குறளைப் படித்து, அதில் பிழை இருப்பதாக நம்பி, அதைத் திருத்தும் தைரியமும் கொண்டிருந்தார் என்பதற்கு அந்தப் புத்தகத்தைவிட நல்ல சாட்சி எது? குறளாக அது குப்பை. ஆவணமாகப் பொக்கிஷம். பதிப்பாசிரியர் ‘எது சரியான பாடம்?’ என்று கேட்பார். ஆவணக் காப்பாளர் கேட்கவேண்டியது வேறு: ‘இது யாரிடம் இருந்தது, எதனோடு இருந்தது, ஏன் இருந்தது?’ நம் ஊரில் முதல் கேள்விக்கு மாபெரும் மரபு உண்டு. இரண்டாவதற்கு நாம் இன்னும் பாலர் வகுப்பில் இருக்கிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

*

ஏடு தேடுவது என்றதும் நம் மனதில் ஓடும் படம் முழுக்க உ.வே.சாமிநாதையர் எடுத்தது. ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு இரண்டு இடங்கள் மறக்காது. கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியருடைய ஏடுகள் கோயிலுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். பழைய ஏடுகளை ஆகம முறைப்படி ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று கோயில் அதிகாரி சாவதானமாகச் சொல்கிறார். திருநெல்வேலிப் பக்கம் இன்னொரு வீட்டில், ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விட்ட கதையைக் கேட்கிறார்.

இந்த இரண்டு பகுதிகளையும் நாம் ‘ஐயோ, அறியாமை’ என்று தலையில் அடித்துக்கொண்டு வாசிக்கிறோம். நானும் அப்படித்தான் வாசித்தேன். மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. அந்தக் கோயில்காரர்கள் ஏட்டைக் குப்பையில் வீசவில்லை. சாமிக்குப் போகிற நெய்யோடு சேர்த்துத் தீக்குக் கொடுத்தார்கள். ஆற்றில் விட்டவர்களும் அதை மரியாதை என்றே நினைத்தார்கள். அலட்சியத்தால் அழிந்த ஏடுகள் நிறைய இருக்கலாம். ஆனால் உ.வே.சா. நம் நினைவில் நிறுத்திவிட்டுப் போன இந்த இரண்டும் பக்தியால் அழிந்தவை. பாண்டித்துரைத் தேவர் மூட்டிய தீயையும் இவற்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மூன்றிலும் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் கடற்கரையில் இழப்பு என்றால் உடனே 1964 டிசம்பர் புயலைச் சொல்வோம். தனுஷ்கோடி போனது, ரயில் போனது, எல்லாம் போனது. கடல் எதையும் தேர்ந்தெடுத்து அழிப்பதில்லை, அதனால் அதன் மேல் பழி போடுவது சுலபம். பாகப்பிரிவினை, வெள்ளையடிப்பு, போகி, ‘இதெல்லாம் எதுக்கு அடைசலா’ என்கிற ஒரு வாக்கியம் — இவற்றுக்கு நினைவுச்சின்னம் யாரும் எழுப்புவதில்லை.

‘என் சரித்திரம்’ மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. சரியாகச் சொன்னால், அதை நாம் வாசிக்கும் விதத்தின் மேல். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் அது. அடுத்த வாரம் ஏடு கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்க வைக்கும் வடிவம். ஆழ்வார்திருநகரியில் லட்சுமணக் கவிராயர் வீடு முழுக்கத் தேடிச் சோர்ந்து, பிறகு அவர் உறவினரான தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து பத்துப்பாட்டு ஏடு வந்து சேரும் அத்தியாயத்தை இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க முடிகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த வடிவம் ‘கிடைத்தது’ என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. கிடைத்த பிறகு நடக்கிற, கதையாகாத வேலை கண்ணில் படுவதில்லை.

அந்த வேலையைப் பார்க்கவேண்டுமென்றால் அவருடைய பதிப்புகளின் முகவுரைகளுக்குப் போகவேண்டும். நம்மில் பலர் அவற்றைத் தாண்டிவிட்டு நூலுக்குள் போவோம். அங்கே எந்தப் பிரதி எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தது என்று பட்டியல் போட்டிருப்பார். நன்றிப் பட்டியல் போலத் தெரியும். உண்மையில் அது ஏடு வந்த வழியின் வரைபடம். அவர் தனக்கு வந்த கடிதங்களையும் பத்திரப்படுத்தினார். அதனால்தான் 1877 முதல் 1900 வரையிலான கடிதங்கள் பின்னாளில் ‘கடிதக் கருவூலம்’ என்று தொகுக்கக் கிடைத்தன. ஒரு நூல் அச்சானதும் அதற்கு உதவிய கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று அவர் நினைத்திருந்தால் நமக்கு அது இல்லை. அச்சுப் போட்டபின் ஏட்டைத் தூக்கிப்போடாதவர் அவர். 1943-ல் அவர் பெயரில் நூலகம் அமைந்தபோது உள்ளே வைக்க ஏடுகள் இருந்ததற்கும் அதுவே காரணம்.

வீரனாக நாம் கொண்டாடும் உ.வே.சா.வுக்குள் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இப்போது அந்தக் குமாஸ்தாவைத்தான் அதிகம் பிடிக்கிறது. காரணம் சொந்தமானது.

*

திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரில் என் அப்பாவின் அப்பா கர்ணமாக இருந்தார். அய்யா என்போம். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தபோது சர்க்கார் கணக்கையெல்லாம் ஒப்படைத்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது அவருடைய சொந்தக் காகிதங்கள். பதினோரு கட்டு. ஒவ்வொன்றும் பழைய வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டியது. பரணில் ஒரு தகரப்பெட்டியில் இருந்தது. பெட்டிக்குச் சொந்தக்காரி போல அத்தை பார்த்துக்கொண்டாள். வருடத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜைக்கு, பெட்டியை இறக்கித் துடைத்துப் பொட்டு வைத்து மறுபடி ஏற்றிவிடுவாள்.

2018-ல் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். எஞ்சினியர் புத்தி. ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பதினோரு கட்டையும் ஒரே நாளில் அவிழ்த்துத் திண்ணையில் பரப்பினேன். ‘கடிதம்’, ‘ரசீது’, ‘பத்திரிகை’, ‘ஜாதகம்’, ‘மற்றவை’ என்று ஃபோல்டர் போட்டேன். ஒவ்வொன்றுக்குள்ளும் தேதி வரிசை. அழகாக இருந்தது. வேலை செய்கிற கம்பெனியில் டேட்டாபேஸ் வடிவமைக்கிறவனுக்கு இது ஒரு மத்தியான வேலை. யாரோ ஒருவர் பெயரில் தீர்வை ரசீதுகள் ஒரு கொத்து இருந்தன. எங்கள் குடும்பத்துப் பெயரே இல்லை. கர்ணம் வீட்டில் ஊரார் ரசீது கிடப்பது சகஜம்தானே என்று நினைத்தேன். ஸ்கேன்கூட செய்யாமல் ஒரு மஞ்சப்பையில் போட்டு, ‘இது வேணாம்’ என்று திண்ணை மூலையில் வைத்தேன். அடுத்த தைக்கு வீடு வெள்ளையடித்தார்கள். போகியில் பை போய்விட்டது.

அதற்கடுத்த வருடம் லேப்டாப்பில் எல்லாவற்றையும் அத்தைக்குக் காட்டினேன். கொழும்பிலிருந்து வந்த நாலைந்து போஸ்ட் கார்டுகள் வந்தபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“கொழும்பு மாமா எழுத்துல்ல இது. இதோட ரசீதெல்லாம் இருக்குமேப்பு?”

“என்ன ரசீது அத்தை?”

“அவரு வெள்ளாமைக் காட்டுக்கு அப்பாதானே வருசா வருசம் தீர்வை கட்டுனாக. ‘மச்சான், நிலத்தை விட்றாதீங்க, நான் வந்துருவேன்’னு எழுதுவாரு. கார்டு வந்ததும் அதோட ரசீதையும் வச்சு ஒண்ணாக் கட்டி வச்சிருவாக. அந்த ஊதாக்கரைக் கட்டு.”

அவர் வரவில்லை. கார்டுகளும் ஒரு வருடத்தோடு நின்றுவிட்டன. நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பது வேறு கதை. ரசீதுகள் எத்தனை வருடம் வரை இருந்தன, கார்டு நின்ற பிறகும் அய்யா கட்டினாரா, கட்டினார் என்றால் எதுவரை காத்திருந்தார் — அந்த மஞ்சப்பைக்குத் தெரியும். அத்தை என்னைத் திட்டவில்லை. “சரி விடுப்பு, நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்ச” என்றாள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் அதிகாரியிடமும் யாராவது இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் கார்டு வெறும் கடிதம், ரசீது வெறும் காகிதம். இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஊதாக்கரைதான் சேதி. அய்யா வார்த்தையில் எழுதாததை முடிச்சில் எழுதியிருந்தார். நான் படித்தது எழுத்தை மட்டும். கோடு எழுதுகிறவர்களுக்குப் புரியும்படி சொன்னால், கிட் ரெப்போவில் கமிட் வரலாறு மொத்தத்தையும் அழித்துவிட்டு, ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன என்று பெருமைப்பட்டவன் நான்.

*

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: மூல ஒழுங்கு. காகிதங்களை உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்காதே என்பது. நெதர்லாந்தில் முல்லர், ஃபெய்த், ஃபிருயின் என்ற மூன்று ஆவணக் காப்பாளர்கள் சேர்ந்து நூறு விதிகள் கொண்ட கையேடு ஒன்றை எழுதினார்கள். இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. ஆவணத்தைப் பொருள்வாரியாகப் பிரித்து உன் இஷ்டத்துக்கு அடுக்காதே, அது பிறந்து வளர்ந்த ஒழுங்கிலேயே விடு என்பது அதன் மையமான வாதம். வெளியான ஆண்டு 1898.

அதே 1898-ல்தான் உ.வே.சா.வின் மணிமேகலைப் பதிப்பு வந்தது, பாண்டித்துரைத் தேவரின் பொருளுதவியோடு. இரண்டு காரியமும் பெரிய காரியம். ஆனால் நமக்கு வாய்த்தது ஒன்று, அவர்களுக்கு வாய்த்தது ஒன்று. நாம் நூலைக் கண்டெடுத்தோம். அவர்கள் கட்டை எப்படிக் கட்டுவது என்று எழுதிவைத்தார்கள். ஏடுகள் அழிந்துகொண்டிருந்த அவசரத்தில் நமக்கு அந்த முன்னுரிமை சரிதான். நூற்றிருபது வருடம் கழித்தும் அதே அவசரத்தில் இருப்பதுதான் சரியில்லை. இன்று ஓலைச்சுவடி பற்றி வருகிற செய்திகளைப் பாருங்கள்: ‘அரிய சுவடி கண்டுபிடிப்பு’, ‘இத்தனை லட்சம் பக்கங்கள் மின்னுருவாக்கம்’. அந்தச் சுவடி எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், வேறு எந்தச் சுவடிகளோடு இருந்தது என்ற வரி செய்தியில் இருக்காது. மருத்துவச் சுவடியும் மாந்திரீகச் சுவடியும் வரவு செலவு ஓலையும் ஒரே கட்டில் இருந்தால், அது ஒரு வைத்தியரின் முழு வாழ்க்கை. மூன்றையும் மூன்று தலைப்பின் கீழ் போட்டால் வைத்தியர் காணாமல் போகிறார்.

தேர்ந்தெடுக்காமல் சேர்த்த ஒருவரும் நம் சீமையில் இருந்தார். 1985-ல் மாவட்டம் பிரிவதற்கு முன் இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா. இலக்கண நூலோடு சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் வாங்கி வீட்டை நிறைத்தார். இதில் தமிழுக்குப் பெருமை எது, சிறுமை எது என்று அவர் பிரித்திருந்தால், ஆய்வாளர்கள் கோட்டையூருக்குத் தேடிப் போயிருக்கமாட்டார்கள். 1992-ல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஸ்காட்டின் குறள் அவர் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கொளுத்தியிருக்கமாட்டார்.

இன்னொருவர் எஸ்.எம்.கமால். வருவாய்த்துறையில் வேலை பார்த்துக்கொண்டே இராமநாதபுரம் வரலாற்றை எழுதியவர். அவருடைய ‘சேதுபதி மன்னர் செப்பேடுகள்’ இலக்கிய வாசகர்கள் தொடாத புத்தகம். தொடவேண்டும். கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் சேதுபதிகள் கொடுத்த கொடைகள், நான்கு எல்லையோடு. அய்யாவின் பத்திரங்களில் நான் பார்த்த அதே கிழக்கெல்லை, மேற்கெல்லை மொழி. செப்பேடுகளின் முடிவில் வருகிற பகுதியை இப்போது வேறுமாதிரி வாசிக்கிறேன். இந்தத் தர்மத்தைக் காப்பவருக்குப் புண்ணியம், கெடுப்பவருக்கு கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம். வெறும் சாபமாக அதை வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று ஆவணமே தன் உடம்பில் எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு அது. இவ்வளவு தெளிவான மெட்டாடேட்டா என்னுடைய ஃபோல்டர்களில் இல்லை.

*

அந்த ரசீதுகளுக்குப் பிறகு, சென்னையில் ஒரு நூலகத்தில் சில மாதங்கள் சனிக்கிழமைகளில் தன்னார்வலராகப் போனேன். முதல் நாள், என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெரியவர் சொன்னார்: “இங்க பென்சில் மட்டும்தான் தம்பி. பேனா தப்பு பண்ணினா அழிக்க முடியாது.” அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பாடம் இருந்தது. நீ செய்கிற எதுவும் திரும்பப் பெறக்கூடியதாக இருக்கட்டும்.

மீதிப் பாடம் இவ்வளவுதான். கட்டை அவிழ்ப்பதற்கு முன் படம் எடு, முடிச்சு தெரியும்படி. பிறகு கட்டுக்கு ஒரு எண், அதற்குள் வரிசைப்படி ஒவ்வொரு தாளுக்கும் ஓரத்தில் மெல்லிய பென்சிலில் எண். துருப்பிடித்த குண்டூசியை எடுக்கலாம், ஆனால் எந்தெந்தத் தாளைக் குத்தியிருந்தது என்று எழுதிவிட்டு எடு. ரப்பர் பேண்ட் போடாதே. யார் கொடுத்தது, யார் வீட்டில், எந்த மூலையில் இருந்தது என்று முதல் வரியில் எழுது. வீட்டில் வயதானவர் இருந்தால் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய். உனக்குப் புரியாத தாள் வேண்டாத தாள் இல்லை. தேதி வரிசை, பொருள் வரிசை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் கிடைக்கும். கலைந்த கட்டு கிடைக்காது.

இந்த வேலையில் கண்டுபிடிப்பின் கிளர்ச்சி கிடையாது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒரு கட்டுக்குப் பட்டியல் போட்டால், அதில் ஒரு வரிகூட யாருக்கும் பகிர்ந்துகொள்ளும்படி இருக்காது. அதனால்தான் இதைப் பற்றி நாவல் வருவதில்லை, பேச்சுப் போட்டியிலும் யாரும் சொல்வதில்லை.

போன சரஸ்வதி பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அத்தையும் நானும் தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் நினைவை நம்பி, கட்டுகளைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தோம். பதினொன்றில் ஆறு தேறியது. மற்றவற்றில் அவளுக்கும் குழப்பம். ஆறையும் அதே வேட்டிக் கரைகளால் கட்டினோம். ஊதாக்கரைக்குள் நாலைந்து போஸ்ட் கார்டுகள் மட்டும் வைத்தோம். கட்டு மெலிந்து போய், முடிச்சு நிற்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றவேண்டியிருந்தது.

பட்டியலில் அதற்கு நான் எழுதிய பதிவு இது:

கட்டு 4. ஊதா வேட்டிக் கரை. கொழும்பிலிருந்து வந்த அஞ்சலட்டைகள். இவற்றோடு தீர்வை ரசீதுகள் இருந்தன. எண்ணிக்கை, ஆண்டுகள் தெரியாது. 2018-ல் நான் பிரித்தேன். 2019 போகியில் எரிந்தன.

பென்சிலில்தான் எழுதினேன். அத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதையுமா எழுதி வைக்கணும்?” என்றாள். ஆமாம் அத்தை என்றேன்.